ஏழு சுத்து

கரென்டுக்குப் பயப்படுகிற வயர்மேனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒன்பது வருஷம் அவரோடு ஒரே கம்பெனியில் வேலையும் பார்த்திருக்கிறேன். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்புகிற கம்பெனி அது. நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். அவர் அங்கே வயர்மேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையின் இடது பையில் டெஸ்டர் இருக்கும், வலது பையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் இருக்கும். காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. வீடுகளுக்கு வேலைக்குப் போனால் செருப்பை வாசலில் விடத்தானே வேண்டும்? அதற்கென்று நன்றாகத் தேய்த்துக் கழுவிய இன்னொரு ஜோடியை மஞ்சப்பையில் கொண்டுபோவார். வாசலில் ஒரு ஜோடியைக் கழற்றிவிட்டு, நிலைப்படியைத் தாண்டியதும் அடுத்த ஜோடியைப் போட்டுக்கொள்வார். பூஜையறைக்குள் செருப்புக் காலோடு போனார் என்று மம்சாபுரத்தில் ஒரு வீட்டில் அவரை விரட்டியே விட்டார்கள். "சாமி மன்னிச்சுரும். கரென்டு மன்னிக்குமா?" என்று எங்களிடம் வந்து கேட்டார்.

புதுச் சுவரோ பழைய சுவரோ, எதுவானாலும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் கரென்ட் கையை மூடிப் பிடிக்க வைத்துவிடும், புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும் என்பது அவர் கணக்கு. மழை நாளில் இடி இடித்தால் மானேஜரைக் கேட்காமலே கம்பெனி மொத்தத்துக்கும் மெயினை அணைத்துவிடுவார். தறிகள் நின்றுபோகும். மானேஜர் கத்துவார். இவர் தலையைக் குனிந்து நின்று திட்டு வாங்குவார். அடுத்த இடிக்கும் அதையே செய்வார்.

இப்படிப் பயப்படுகிறவருக்குப் பின்னால் ஏதோ பெரிய கதை இருக்கும் என்று நாங்கள் நம்பினோம். கூடப்பிறந்தவன் கண்ணெதிரே செத்துப்போனான் என்று தறிக்காரப் பெண்கள் சொன்னார்கள். கரென்ட் போஸ்ட் மரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர் என்றார் வாட்ச்மேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் நடக்கல தாயி" என்றார். "நடந்துரக் கூடாதுன்னுதான் பயப்படுதேன்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இன்னொரு நாள் என் மேஜை ஃபேனின் வயர் கிழிந்திருந்தது. அண்ணாச்சி வந்து டேப் சுற்றினார். சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எம்புட்டு சுத்து அண்ணாச்சி? மூணு போதாதா?"

"போதும் தாயி. மூணு சுத்து கரென்டுக்கு. மிச்சம் நாலு என் பயத்துக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆபீஸ் முழுக்கப் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து அவருக்கு 'ஏழு சுத்து அண்ணாச்சி' என்று பட்டம். வைத்த புண்ணியவதி நான்தான். அவர் அதற்கும் கோபப்படவில்லை. வேண்டாத வயர் என்று குப்பையில் கிடந்தால்கூட அதன் நுனியைத் தேடி எடுத்து டேப் சுற்றிவிட்டுத்தான் மறுபடி குப்பையில் போடுவார். "அது செத்த வயர் அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால், "செத்த வயர்னு ஒண்ணு கெடையாது" என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் வீடு கட்டினோம். நாங்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். மணலுக்கும் செங்கலுக்கும் கொத்தனாருக்கும் நடுவில் அல்லாடியது நான். காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் போய் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து சுவருக்குத் தண்ணீர் விட வேண்டும். ஒன்றரை வயதுப் பாப்பாவை என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் மதினி, பார்த்துக்கொண்டார். பாப்பாவுக்குப் பல் முளைக்கிற நேரம். கட்டில் சட்டம், மதினியின் பாமாலைப் புத்தகம், என் தோள்பட்டை என்று எது கிடைத்தாலும் கடித்துவைப்பாள்.

என் வீட்டுக்காரர் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. கேசட்டில் பேசி அனுப்புவார். அப்படி வந்த ஒரு கேசட்டில், வீட்டில் கூடத்தைத் தியேட்டர் மாதிரி பண்ணிவிட வேண்டும் என்று இருந்தது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அவர் வரும்போது கொண்டுவருவாராம். டிவி பக்கம் வைக்கிற ஸ்பீக்கருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நாம் உட்காருகிற இடத்துக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வரும். அதற்கு டிவியிலிருந்து பின்சுவர் வரை வயர் போக வேண்டும். தரையில் கிடந்தால் பாப்பா இழுப்பாள். 'சுவத்துக்குள்ளயே விட்டுரு, வெளிய ஒரு வயர் தெரியக் கூடாது' என்று சொல்லியிருந்தார்.

நான் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவருக்கு அந்த வேலை புதுசு. ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் எலக்ட்ரிக்கல் கடைக்குக் கூட்டிப்போனார். நான்கு விதமான வயரில் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு துண்டு வெட்டித் தரச் சொன்னார். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"அண்ணாச்சி, கடைக்குள்ள வேண்டாம். ரோட்டுக்குப் போயிருங்க."

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் தீக்குச்சி வைத்துக் கொளுத்தினார். போகிற வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. மூன்று துண்டுகள் தீக்குச்சியை எடுத்த பிறகும் எரிந்தன. ஒன்று மட்டும் தானாக அணைந்தது. கறுப்பு உறை போட்ட, கனமான செப்பு வயர்.

"இது போதும் தாயி. இருபத்தஞ்சு அடி போவணும், மெல்லிசு போட்டா பாட்டு தேஞ்சுபோவும். இதுக்குத் தனி பைப்பு வேணும். லைட்டு வயர் போற பைப்புல இத விடக் கூடாது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போவவும் கூடாது, ரெண்டு அடியாவது தள்ளிப் போவணும்."

"பாட்டு கேக்குற வயர்தான அண்ணாச்சி? இதுல ஏது கரென்டு?"

"எது பாட்டு, எது கரென்டுன்னு வயருக்குத் தெரியாது தாயி. வெளிய தொங்குற வயர எலி கடிச்சா நம்ம கண்ணுக்குத் தெரியும். சுவத்துக்குள்ள போனத யாரு பாக்க?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே எல்லாம் குலைந்தது.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த கிருஷ்ணன்கோவில்காரர் ஒருவர் ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பின்சுவரில் மாட்ட ஒரு அழகு விளக்கு. அதோடு ஒரு சுருள் ஸ்பீக்கர் வயர். கண்ணாடி மாதிரி உறை, உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. கூடவே கேசட். 'இந்த வயரத்தான் போடணும். கடை கடையா ஏறி இறங்கி வாங்கினேன்.' இரண்டு வருஷமாக முகம் பார்க்காத மனுஷன் தேடி வாங்கி அனுப்பியது. அந்தச் சுருளை நான் மடியில் வைத்துக்கொண்டு கேசட்டை மூன்று தடவை கேட்டேன்.

அண்ணாச்சி வந்தார். சுருளைப் பார்த்தார். ஒரு துண்டு வெட்டினார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் மணல் குவியலில் வைத்துக் கொளுத்திவிட்டார். அது எரிந்தது. சொட்டுச் சொட்டாக உருகி விழுந்தது, விழுந்த சொட்டும் எரிந்தது.

"இத நான் உள்ள விட மாட்டேன் தாயி."

"அவிய ஆசைப்பட்டு அனுப்பினது அண்ணாச்சி."

"ஆசைக்கு வெளிய தொங்க விடு. சுவத்துக்குள்ள வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு."

கொத்தனார் பக்கத்தில் நின்று சிரித்தார். சுவர் எல்லாம் பூசி முடித்தாயிற்று. தனி பைப் என்றால் மறுபடி சுவரைக் கொத்திக் காடி எடுக்க வேண்டும். புது வீட்டில் ஜெபம் பண்ணிக் குடிபோகிற பிரதிஷ்டைக்குச் சபைப் போதகரிடம் நாள் வாங்கியாயிற்று, அதற்கு இன்னும் பத்தே நாள் இருந்தது. தனியாகக் கிடந்து அல்லாடிய எரிச்சல், என் வீட்டுக்காரர் வயரைக் கொளுத்திய ஆத்திரம் எல்லாம் சேர்ந்து என் வாயில் வந்து உட்கார்ந்தது.

"பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த வேல? பூக்கட்டப் போவ வேண்டியதுதான?"

அவர் கழுவிய செருப்பை மஞ்சப்பையில் வைத்தார். வாசல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கொத்தனார் மறுநாள் வேறொரு வயர்மேனைக் கூட்டிவந்தார். தைரியமான ஆள். செருப்பில்லாமல் நின்றார், டெஸ்டர் இல்லாமல் தொட்டார். "தனி பைப்பெல்லாம் எதுக்கு? கரென்டு இல்லாத வயர்தானக்கா" என்று சொல்லி, பின்சுவர் விளக்குக்குப் போகிற பைப்புக்குள்ளேயே இந்த வயரையும் விட்டார். ஏற்கெனவே நிறைந்திருந்த பைப். ஸ்பிரிங் கம்பியில் கட்டி, இரண்டு பேர் காலை உதைத்து இழுத்தார்கள். அரை நாளில் வேலை முடிந்தது. டிவி பக்கம் இரண்டு நுனி, பின்சுவரில் முழங்கால் உயரத்தில் இரண்டு நுனி. உறையைச் சீவி, செம்பை முறுக்கி, குஞ்சம் மாதிரி தொங்கவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாப்பா ஓடிப்போய் அதைப் பிடித்தாள். நானும் சிரித்துக்கொண்டு பார்த்தேன்.

பிரதிஷ்டைக்குக் கம்பெனியில் எல்லோரையும் கூப்பிட்டேன். அண்ணாச்சியைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை, கூப்பிடவும் முகம் இல்லை. பத்திரிகையை அவர் மேஜையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு எவர்சில்வர் குடம், கக்கத்தில் மஞ்சப்பை. கூடத்துக்குள் எல்லோரும் வெறுங்காலோடு நிற்க, இவர் மட்டும் கழுவிய ரப்பர் செருப்போடு நின்றார். மதினி என்னை முறைத்தார். எனக்கு அதுவா கவலை? அவர் கண் பின்சுவருக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் இருந்தது.

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் போதகர். எல்லோரும் மூடினார்கள். நானும் மூடினேன். எனக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. டேப்பை இழுக்கிற சத்தம். அது எனக்குத் தெரியாதா? மெல்லக் கண்ணைத் திறந்து திரும்பினேன். ஐம்பது பேர் கண் மூடி நிற்க, அண்ணாச்சி ஒருவர் மட்டும் பின்சுவர் ஓரம் குந்தி உட்கார்ந்திருந்தார். டெஸ்டரை நுனியில் வைத்தார். எரியவில்லை. அப்படியும் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தான் கொளுத்திக் காட்டிய அதே வயர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கண்ணில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. நான் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். போதகர் ஆமென் சொல்வதற்குள் நான்கு நுனியையும் சுற்றி முடித்துவிட்டார்.

சாப்பிட்டுப் போகும்போது என்னிடம் வந்தார்.

"தாயி, அந்த நுனியப் பிரிக்கிறப்ப என்னைய ஒரு வார்த்த கூப்புடு."

"சரி அண்ணாச்சி" என்றேன். கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். வந்த மறுநாள் சாயங்காலமே ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியிலிருந்து எடுத்தார். மதினி விளக்கெல்லாம் போட்டார். மஸ்கட் விளக்கும் பின்சுவரில் எரிந்தது. அண்ணாச்சியைக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டி வருமே. என் வீட்டுக்காரர் டிவி பக்கத்து நுனியில் டேப்பைப் பிரித்தார். "யாரு இது, இம்புட்டுச் சுத்திருக்கான்?" என்று சிரித்தார். கழுவித் துடைத்த ஈரம் காயாத தரையில் வெறுங்காலோடு நின்றார்.

அடுத்த நொடி 'ஆ' என்று ஒரு சத்தம். மல்லாக்க விழுந்து கிடந்தார். பாப்பா வீறிட்டாள். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து உட்கார்ந்தார். விரல் இரண்டும் வெளுத்திருந்தன. "ஸ்பீக்கர் வயர்ல எப்படி? ஸ்பீக்கர் வயர்ல எப்படி?" என்று இதையே கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருந்தோம்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்று, "நான் சொன்னத மனசுல வச்சுக்காம வாங்க அண்ணாச்சி" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. "புள்ளைக்கு ஒண்ணும் இல்லைல?" என்று மட்டும் கேட்டார்.

வந்து மெயினைப் போட்டார். டிவி பக்கத்து நுனியில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

"இப்ப இல்ல பாத்தியளா" என்றார் என் வீட்டுக்காரர்.

"நேத்து எந்தெந்த லைட்டு எரிஞ்சுது?"

ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். குழல் விளக்கு போட்டோம், டெஸ்டர் எரியவில்லை. வாசல் விளக்கு, அதற்கும் இல்லை. நான் பின்சுவர் விளக்கின் ஸ்விட்சைத் தட்டினேன். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

"பைப்புக்குள்ள திணிச்சு இழுத்ததுல ரெண்டு வயரும் உரிஞ்சிருக்கு. உரிஞ்ச எடம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருக்கு" என்றார். "அந்த லைட்டப் போட்டா இந்த வயருக்கும் உசுரு வருது. என்னைக்கிலருந்து அதப் போடுதிய?"

"பிரதிஷ்டை அன்னைக்குச் சாயங்காலத்துலருந்து" என்றார் மதினி. "தெனமும்தான் போடுதோம். பிள்ள அந்த வெளிச்சத்துலதான வெளையாடும்."

அண்ணாச்சி முகம் மாறியது. வயர் என்றால் அதற்கு இரண்டு நுனி உண்டு. ஒரு நுனியில் அடித்தால் மறு நுனியிலும் அடிக்கும். மறு நுனி பின்சுவரில், பிரம்பு நாற்காலிக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் இருந்தது. பாப்பாவின் மரக் குதிரையும் சொப்பும் கிடக்கிற மூலை அது. அவர் போய் மெயின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியை நகர்த்தினார். குந்தி உட்கார்ந்து அந்த நுனியை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

கறுப்பு டேப்பில் புள்ளி புள்ளியாகப் பள்ளம். அரிசி அரிசியாக, மேலே இரண்டு, கீழே இரண்டு. பாப்பாவின் முன்பல். எனக்கு எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. என் தோளில் அந்தத் தடத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள்ளும் வயர் ஓடுகிறதே என்று பிறகு சுவரையும் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார். வாய்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு." ஓட்டை.

"ரெண்டு." ஓட்டை.

"மூணு." கிழிந்தே போயிருந்தது.

"நாலு." அதிலும் ஊசி முனை அளவுக்கு இரண்டு ஓட்டை.

"அஞ்சு."

அஞ்சாவது சுத்தில் பல் படவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. கரென்டுக்கென்று சுற்றிய மூன்று சுத்து மட்டும் மிச்சமிருந்தது. நான் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்த அந்த நாலு சுத்தையும் என் பிள்ளை கடித்துத் தின்றிருந்தாள்.

அண்ணாச்சி அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்றார். கொடுத்தேன். பாதி சட்டையில் கொட்டியது. பாப்பா மதினியின் இடுப்பிலிருந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள், முன்னால் இருக்கிற அந்த நாலு பல்லையும் காட்டி.

குடித்து முடித்ததும் வலது பையிலிருந்து டேப்பை எடுத்தார். அதே நுனியைப் பிடித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

"எப்படியும் சுவர ஒடச்சு இத எடுக்கத்தான போறோம் அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர். "ஃபியூஸும் ஒங்க பையிலதான இருக்கு?"

"ஆமா, இருக்கு" என்றார். நிறுத்தவில்லை.

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். ஏழாவது சுத்து முடிந்ததும் டேப்பைக் கிழிக்கப் பல்லில் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"கிழிக்காதிய அண்ணாச்சி. இன்னும் ஒண்ணு சுத்துங்க. அது என் பயத்துக்கு."